உன் இடது செருப்பை டாக்டரிடம் கொண்டுபோனேன்

மக்கா,

நீ பெங்களூருக்கு ரயிலேறிய மறுநாள் காலையில் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு பழையதைப் படியோரம் கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருந்தாய். குப்பையில் போடலாம் என்று கையில் எடுத்தேன். வலது செருப்பு எல்லோருக்கும் தேய்கிற மாதிரி குதிகால் பக்கம் தேய்ந்திருந்தது. இடது செருப்பு முன்னால் தேய்ந்திருந்தது. பெருவிரல் இருக்கும் இடத்தில் அடிப்பாகம் கரைந்து, ஓரம் பிய்ந்து தொங்கியது. காலைத் தூக்கி வைக்கிறவனுக்குச் செருப்பு அப்படித் தேயாது. தரையில் இழுத்துக்கொண்டு நடக்கிறவனுக்குத்தான் அப்படித் தேயும். விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே இருந்து உன் அப்பா, "என்ன டீச்சரே, பாம்பு வல்லதும் வந்திருக்கா?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து உனக்கு எத்தனை தடவை போன் செய்திருப்பேன்! "மீட்டிங்கில இருக்கேன் அம்மா, பொறவு விளிக்கேன்." எடுத்தால் இது ஒன்றுதான். அப்பா பேசினால், "கால் நல்லாத்தான் இருக்கு, சும்மா பயப்படாதீங்க." நீ பயப்படாதே என்று சொல்லும் குரலிலேயே எனக்குப் பயம் வருகிறது. முப்பது வருஷம் வகுப்பில் நின்ற எனக்கு, வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த பிள்ளையின் குரல் தெரியாதா? போனில் நீ பிடிகொடுக்க மாட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை உன்னால் பாதியில் துண்டிக்க முடியாது.

முதலில், இது எப்படி ஆரம்பித்தது என்று நினைத்துப் பார். கம்பெனி வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று சொன்னபோது எனக்கும் அப்பாவுக்கும் கால் தரையில் பாவவில்லை. நான் நின்று நின்றே நரம்பு சுருண்டவள். அப்பா மஸ்கட்டில் வெயிலில் கிடந்து வந்தவர். எங்கள் மகன் மாடியறையில் நிழலில், ஃபேனுக்குக் கீழே இருந்து சம்பாதிக்கப்போகிறான் என்பதை விட எங்களுக்கு வேறு என்ன வேண்டும்? அப்பா நாகர்கோவிலுக்குப் போய், கடையிலேயே பெரிய நாற்காலியாகப் பார்த்து வாங்கிவந்தார். மேனேஜர் உட்காருகிற மாதிரி கறுப்பு நாற்காலி, தலைக்கு மேலே வரை முதுகு. அவ்வளவு ஆசையாக வாங்கியதன் மேல் இருந்த பிளாஸ்டிக் கவரைப் பிரிக்க அவருக்கு மனசு வரவில்லை. "அழுக்கு பிடிச்சிரும், கெடக்கட்டும்" என்றார். நம் வீட்டில் டிவி ரிமோட்டே இன்னும் கவருக்குள்தானே கிடக்கிறது. சோபாவும் அப்படித்தான். கல்ஃபில் இருந்து வந்தவர்கள் வீட்டில் எதைத்தான் உரிக்கிறோம்?

அந்தக் கவரில் நீ வேர்த்து வழுக்கிக்கொண்டே இருந்தாய். காலையில் நிமிர்ந்து உட்காருகிறவன், மத்தியானம் பார்த்தால் பாதி கீழே சரிந்து, நடுமுதுகு மட்டும் நாற்காலியில் ஒட்டிக்கொண்டு, கழுத்தை லேப்டாப்புக்குள் நீட்டிக்கொண்டு இருப்பாய். நாற்காலியும் உனக்கு உயரம். பாதம் தரையில் படாமல் பள்ளிக்கூட பெஞ்சில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை தொங்குகிற மாதிரி தொங்கும். இதையெல்லாம் நான் பார்த்தேன் மக்கா. பார்த்துவிட்டு, "பாவம், எவ்வளவு கருத்தாக வேலை செய்கிறான்" என்று நினைத்துக்கொண்டு கீழே போனேன்.

கீழே போய் என்ன செய்தேன்? உனக்குச் சாயா போட்டு மேலே கொண்டுவந்தேன். தோசையைப் பிட்டு, சட்னியில் தொட்டு, நீ டைப் அடிக்கிற கைக்குப் பக்கத்தில் வைத்தேன். மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும்கூட மேஜைக்கே வந்தன. தண்ணீருக்குப் பெரிய பாட்டில். மின்விசிறி சுவிட்சைப் போட நீ எழும்ப வேண்டாம், நானே போட்டேன். பக்கத்து வீட்டில் யாராவது சத்தம் போட்டால் மாடியில் நின்று கையைக் காட்டி வாயை மூடச் சொன்னேன். ஒரு மனிதன் காலையில் உட்கார்ந்தால் இருட்டும் வரை எழும்பத் தேவையே இல்லாதபடி அவனைப் பார்த்துக்கொள்ள ஒரு தாயால் முடியும் என்று அந்தக் காலத்தில் நான் நிரூபித்துவிட்டேன். இன்று அதை நினைத்தால் என் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. ஆராதனையில் பாட்டு ஆரம்பித்ததும் சபை முழுவதும் எழும்பி நின்றது, நீ மட்டும் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தாய். நான் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கண்ணைக் காட்டினேன். நீ என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாய். அடுத்த பாட்டுக்கும் எழும்பவில்லை. எனக்குப் பின்னால் இருந்த ரோசம்மா மாமி என் காதுக்குள், "பெரிய கம்பெனில வேல கெடச்சா கர்த்தருக்கு முன்னாலயும் இருந்துட்டேதான் இருப்பாவளோ?" என்றாள். எனக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போகலாம் போல இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பா உன்மேல் பாய்ந்தார். "ஏலே, ஆண்டவருக்கு முன்னால எழும்பாத அளவுக்கு நீ எப்பம்ல வளந்த?" நீ அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். உன் விசுவாசம் போய்விட்டது என்று நாங்கள் முடிவே செய்துவிட்டோம்.

வேறு ஊர்க்காரர்கள் என்றால் பிள்ளையிடம் "காலில் என்ன" என்று கேட்டிருப்பார்கள். நாங்கள் போதகரை அழைத்தோம். அவரும் வந்தார், பாவம். உன் எதிரில் உட்கார்ந்து, வாலிபத்தில் வரும் சோதனைகளைப் பற்றியும் பின்வாங்கிப் போகிறவர்களைப் பற்றியும் பொறுமையாகப் பேசினார். நீ பிளாஸ்டிக் கவரில் வழுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாய். கடைசியில் ஜெபம் செய்ய எல்லோரையும் நிற்கச் சொன்னார். நீ மேஜையைப் பிடித்தாய், பாதி எழும்பினாய், மறுபடியும் தொப்பென்று இருந்தாய். உன் முகம் வெளுத்துப்போயிற்று. "பாஸ்டர், எனக்கு விசுவாசத்துல குறைவு ஒண்ணும் இல்ல. இருந்து எழும்புனா இடது கால் மரத்துப் போவுது. அன்னைக்கி சபையில வச்சும் அதான்" என்றாய். அவர் வேதாகமத்தை மூடிக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "டீச்சர், நீங்க விளிக்க வேண்டிய ஆளு நான் இல்ல. பயலுக்க கையப் பிடிங்க, என் வண்டியிலயே போவோம்" என்றார். அவரே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அந்த நல்ல மனிதரை இன்று சாலையில் பார்த்தாலும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். இல்லை என்று சொல்லாதே. முதுகெலும்புகளுக்கு இடையில் இருக்கும் தட்டு பிதுங்கிக் காலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது என்றார். "நாற்காலியில இருந்ததுனால மட்டும்தான் வந்ததுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இருந்து இருந்து மோசமாக்கி வச்சிருக்கீங்க" என்றார். கத்தி வைக்காமல் சரியாக்கப் பார்க்கலாம், ஆனால் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழும்பி நடந்தே ஆக வேண்டும் என்றார். அப்பா அவசரப்பட்டு, "வேற நல்ல நாற்காலி வாங்கிரலாமா டாக்டர்?" என்று கேட்டார். "வாங்குங்க. ஆனா எவ்வளவு நல்ல நாற்காலியா இருந்தாலும் அதவிட்டு எழும்பணும்" என்றார் அவர். கடைசியாக ஒன்று சொன்னார். பாதம் தூக்க முடியாமல் இழுபட்டாலோ, மூத்திரம் போவதில் வித்தியாசம் தெரிந்தாலோ, நாளைக்கு என்று வைக்காமல் அன்றைக்கே வர வேண்டும். தாமதித்தால் கால் பழைய மாதிரி திரும்பி வராமலே போகலாம். இதைச் சொல்லும்போது நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அப்பா பிளேடை எடுத்து நாற்காலிக் கவரைக் கிழித்தார். கிழித்துச் சுருட்டிக்கொண்டு புழக்கடைப் பக்கம் போனவர் நெடுநேரம் உள்ளே வரவில்லை. நான் என் பழைய வினாத்தாள் கட்டுகளைப் பரணிலிருந்து இறக்கி லேப்டாப்புக்கு அடியில் வைத்து, திரை உன் கண்ணுக்கு நேராக வரும்படி உயர்த்தினேன். கைக்குத் தனியாக ஒரு கீபோர்டு வாங்கினோம். பாதத்துக்குக் கீழே மரப்பலகை போட்டோம். முதுகின் குழிவில் துண்டைச் சுருட்டி வைத்தாய். போன் வந்தால் எழும்பி நடந்துகொண்டே பேசினாய். பாட்டிலை எடுத்துக் கீழே ஒளித்துவைத்தேன், தாகம் எடுத்தால் படியிறங்கி வந்து குடி என்று. சாயங்காலம் நீயும் அப்பாவும் கால்வாய்க்கரையில் நடந்துவிட்டு வருவீர்கள். டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைப் பாயில் படுத்துச் செய்வாய். கால் மெல்ல மெல்லத் தெளிந்தது. அந்த நாட்களில்தான் பெனிலாவைப் பெண் பார்த்து நிச்சயம் செய்தோம். நீ எழும்பி நின்று அவள் வீட்டாரைக் கும்பிட்டதைப் பார்த்து நான் அழுதது, மகனுக்குக் கல்யாணம் கூடிவருகிறதே என்றல்ல, நீ நிற்கிறாயே என்றுதான்.

அதற்குப் பிறகு அந்தப் பாழாய்ப்போன புராஜெக்ட் வந்தது. "இந்த ஒரு மாசம் மட்டும் அம்மா." நடை நின்றது. பாய் சுருட்டின இடத்திலேயே கிடந்தது. மேலிருந்து "அம்மா, தண்ணி" என்று கூப்பிடுவாய். "வந்து குடி" என்பேன் கீழே இருந்து. நீ வர மாட்டாய். நானும் ஏற மாட்டேன் என்று வீம்பாக இருந்தேன். ராத்திரி சாப்பிட வரும்போது பார்த்தால் உதடு வெடித்திருக்கும், பகல் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் குடித்திருக்க மாட்டாய். உன்னோடு என்ன சண்டை போடுவது? மறுநாள் நானே தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினேன். பிறகு ஆபீசுக்கே வந்து இருக்க வேண்டும் என்று கம்பெனி கூப்பிட்டது. கல்யாணத்துக்கு லீவு போடுவதற்கு முன்னால் வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும் என்று பெட்டியைக் கட்டினாய். அப்பா உன்னிடம், "நடந்து காட்டுல, பாப்போம்" என்றார். நீ ஹாலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்து காட்டினாய். நாங்களும் நம்பினோம்.

இப்போது செருப்பு விஷயத்துக்கு வருகிறேன். இன்று காலையில் அதைத் துணிக்கடைக் கவரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டோக்கன் கொடுக்கிற பெண் கவருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, செருப்பு தைக்கது ரோட்டுக்கு அந்தப் பக்கம்" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் வெட்கத்தில் சிரித்தேன். டாக்டரும் முதலில் சிரித்தார். பிறகு இரண்டையும் திருப்பிப் பார்த்தார், இடதை மட்டும் மறுபடியும் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. "பையன் எங்க?" என்று கேட்டார். பெங்களூர் என்றேன். "கல்யாணம் கழியட்டும்னு நினைக்காதீங்க. இன்னைக்கே அங்க ஒரு டாக்டரப் பாக்கச் சொல்லுங்க, ஆபரேஷன் வேணுமான்னு அவங்க சொல்லட்டும்" என்றார். அங்கிருந்தே உனக்குப் போன் செய்தேன். நீ எடுத்தாய், "அம்மா, அடுத்த வாரம் கண்டிப்பா" என்றாய். பின்னால் யாரோ உன்னைக் கூப்பிடுகிற சத்தம். வைத்துவிட்டாய். மருந்துக்கடை வாசலில் அத்தனை பேருக்கு நடுவில் நின்று நான் அழுதேன், மக்கா. அழுதது பொய்யில்லை, நான் வெட்கப்படவும் இல்லை.

அப்பாவும் நானும் உடனே புறப்பட்டு வந்திருக்கலாம். வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நீ மறுபடியும் நடந்து காட்டுவாய். எங்களுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, ஆபீஸ் கட்டிடத்தைச் சுற்றிக் காட்டி, ரயிலேற்றி விடுவாய். எங்களை ஏமாற்ற உனக்குப் பழகிவிட்டது. "கல்யாணம் கழியது வரைக்கும் பெனிலா வீட்டுக்குத் தெரியாண்டாம்" என்று என்னிடம் சத்தியம் வாங்கினாயே, அந்தச் சத்தியத்தை நான் உடைத்துவிட்டேன். கோபப்படு. எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு. பீடத்துக்கு முன்னால் அவள் பக்கத்தில் முட்டுக்குத்திவிட்டு, எழும்ப முடியாமல் நீ கிடக்கும்போது அவளுக்குத் தெரிய வேண்டும் என்றா நினைத்தாய்?

இன்று சாயங்காலம், பேங்க் வேலை முடிந்து அவள் வரும் நேரம் பார்த்து அவள் வீட்டுக்குப் போனேன். கல்யாணம் நின்றுபோகும் என்று நினைத்துக்கொண்டே போனேன். நின்றாலும் நிற்கட்டும், என் பிள்ளைக்குக் கால் வேண்டும் என்று பஸ்ஸில் எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவளுடைய அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பெனிலா, "எந்தக் காலு மாமி?" என்று மட்டும் கேட்டாள். இடது என்றேன்.

"நிச்சயத்துக்குப் பொறவு சுசீந்திரம் பக்கம் வயலோரமா ஒரு நாளு நடந்தோம். நாலு அடி வைப்பாரு, நிப்பாரு. அங்க பாரு கொக்குன்னுவாரு. மறுக்கா நாலு அடி, மறுக்கா கொக்கு. இந்த மனுசனுக்குக் கொக்குன்னா என்ன இப்பிடிப் பிரியம்னு நெனச்சு நான் வீட்டுல வந்து சிரிச்சேன் மாமி" என்றாள். சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு அதற்கு மேல் முடியவில்லை. நானும் அவளும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதோம். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு வந்து, "கல்யாணத்த நீங்க தள்ளி வைக்கணும்னா வையுங்க. நிறுத்தணும்னு மட்டும் யாரும் சொல்லாண்டாம். நான் அண்ணனக் கூட்டிட்டு இன்னைக்கே போறேன். எனக்க முன்னால கொக்கு காட்டட்டும், பாப்போம்" என்றாள். இப்படி ஒரு பெண்ணிடம் மறைக்கச் சொன்னாயே, உன்னை என்ன சொல்வது?

மேஜையை இப்படி வை, திரையை அப்படி வை, எழும்பு, நட, தண்ணீர் குடி என்று இன்னும் எழுத எனக்குப் பக்கம் பக்கமாக இருக்கிறது. அதெல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பிய பிறகு. நீ சரியாகி மறுபடியும் வேலைக்குப் போகும்போது, அரை மணிக்கு ஒருமுறை எழும்பவிடாத வேலையாக இருந்தால் அந்த வேலை நமக்கு வேண்டாம். அப்பாவும் அதையேதான் சொல்கிறார். எங்கள் மகன் நிழலில் இருந்து சம்பாதிக்கிறான் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்த அதே அப்பாதான். நாங்கள் இரண்டு பேரும் நாளை ரயிலில் புறப்பட்டு வருகிறோம்.

இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. இன்று ராத்திரி புறப்படும் பெனிலா கையில்தான் கொடுத்துவிடுகிறேன். இதை நீ வாசிக்கும்போது அவள் உன் எதிரில் நின்றுகொண்டிருப்பாள். அவளுடைய அண்ணன் கீழே வண்டியோடு நிற்பான். ஒரு மெயில் மட்டும் அனுப்பிவிட்டு வருகிறேன் என்று அவளிடம் சொல்லாதே. இதையும் நாற்காலியில் இருந்துகொண்டேதான் வாசிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். போதும், மக்கா. எழும்பு. முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் அவளிடம் கையை நீட்டு.

உன் அம்மா